பிஎஸ்சியா, டிஜிஎன்எம்மா? நர்சிங் கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் நர்சிங் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே சங்கதியைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 600-க்கு 431. நர்சிங்தான் என்று உறுதியாக இருக்கிறாள். நான்கு வருஷ பிஎஸ்சி பட்டப் படிப்பில் சேர்ப்பதா, மூன்று வருஷ டிஜிஎன்எம் டிப்ளமோவில் சேர்ப்பதா? "ரெண்டுக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். எதுக்கு ஒரு வருஷத்தையும் காசையும் கரைக்கிறீங்க?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்.
ஒரு தாய், திண்டுக்கல்

எதிர்வீட்டுக்காரர் தான் வேலை பார்க்கும் இடத்தை வைத்துச் சொல்கிறார். அந்த இடத்துக்கு அவர் சொல்வது சரி. தமிழக அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), இரண்டு படிப்பையும் ஏற்கிறது. பதவி ஒன்று, ஊதியம் ஒன்று. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் இருவரையும் பதிவு பெற்ற செவிலியராகவே பதிகிறது. வார்டுக்குள் வந்துவிட்டால் ஊசி போடும் கை எந்தப் படிப்புப் படித்தது என்று நோயாளி கேட்கப் போவதில்லை.

வேறு மூன்று இடங்களில்தான் வித்தியாசம் தெரியும். முதல் இடம், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான 'நார்செட்' தேர்வு. அதில் வரும் நர்சிங் ஆபீசர் பதவி மத்திய அரசின் 7-ஆம் ஊதிய நிலையில் உள்ளது. அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900 ரூபாய். பிஎஸ்சி முடித்துக் கவுன்சிலில் பதிந்தவர் நேராக விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ படித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த '50 படுக்கை'யில்தான். ஊருக்குப் பக்கத்தில் 20, 25 படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் மூன்று வருஷம் ஓடியாடி உழைத்திருப்பார்கள். விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவச் சான்றிதழ் செல்லாது. இரண்டாவது இடம், வெளிநாடு. ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் பட்டத்தையே அளவுகோலாக வைத்திருக்கின்றன. மூன்றாவது, மேற்படிப்பு. டிஜிஎன்எம் முடித்தவர் எம்எஸ்சிக்குப் போக, நடுவில் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்தாக வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து. மிச்சம் பிடித்ததாக நினைத்த ஒரு வருஷம் அங்கே வட்டியோடு போய்விடும்.

ஆகவே, இடம் கிடைத்தால் பிஎஸ்சி. ஆனால் 'எங்கே' என்பது 'எது' என்பதைவிடப் பெரிய கேள்வி. நாங்கள் வரிசைப்படுத்தினால் அரசுக் கல்லூரி பிஎஸ்சி முதலில் வரும். அடுத்தது, சொந்தமாகப் பெரிய மருத்துவமனை வைத்திருக்கும் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு பிஎஸ்சி. மூன்றாவது அரசு டிஜிஎன்எம். கடைசியில்தான், மருத்துவமனையே இல்லாத கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டில் பிஎஸ்சி. மூன்றையும் நான்கையும் பலர் மாற்றிப் போடுகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டுகளில் மூன்று வருஷம் நின்ற டிஜிஎன்எம் பெண்ணையும், பொம்மையை வைத்தே நான்கு வருஷம் கழித்த பிஎஸ்சி பெண்ணையும் ஒரே நேர்முகத்தில் உட்காரவைத்தால், ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சேர்க்கைக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான். பிஎஸ்சி கலந்தாய்வும் டிஜிஎன்எம் சேர்க்கையும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு வழியாக நடந்தாலும் விண்ணப்பங்கள் வேறு வேறு. ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்கும் சேர்ந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் போட்டுவையுங்கள்.

ராணுவத்தில் நர்சிங் படிக்க நீட் வேண்டும் என்கிறார்களே, உண்மையா?
ஒரு மாணவி, வேலூர்

உண்மை. ராணுவ மருத்துவமனைகளோடு இணைந்த கல்லூரிகளில் நான்கு வருஷ பிஎஸ்சி நர்சிங்கிற்கு 2022 முதல் நீட் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமே அனுமதி. படிப்பு முடிந்ததும் ராணுவ நர்சிங் பணியில் அதிகாரியாகச் சேர வேண்டும். மருத்துவப் படிப்புக்கு எட்டாத நீட் மதிப்பெண் கையில் இருக்கும் பெண்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நீட் எழுதியிருந்தால் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு ஏஜென்ட் தினமும் போன் செய்கிறார். "மார்க் பிரச்சினை இல்லை, ஹாஸ்டலோடு சேர்த்து இவ்வளவுதான், முதல் வருஷம் பாதி கட்டினால் போதும், ஒரிஜினல் சர்ட்டிபிகேட் மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். நம்பலாமா?
ஒரு தந்தை, தருமபுரி

பெங்களூரில் நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு. ஏஜென்ட் போன் செய்து ஆள் பிடிக்க வேண்டிய நிலை பெரும்பாலும் அவற்றுக்கு இருக்காது.

முதலில் காகிதங்களைப் பாருங்கள். கர்நாடகக் கல்லூரியானால் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழக இணைப்பு, கர்நாடக நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். கல்லூரி அச்சடித்த கையேட்டில் வேண்டாம். அந்தந்த அமைப்பின் இணையதளத்தில், இந்தக் கல்வியாண்டுக்கான பட்டியலில் பாருங்கள். போன வருஷம் இருந்த பெயர் இந்த வருஷம் இருக்க வேண்டும் என்பதில்லை. எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி 40 இடத்துக்கு இருக்க, 60 பேரைச் சேர்த்தால் மிச்ச 20 பேர் பல்கலைக்கழகத் தேர்வுப் பதிவின்போது தெருவில் நிற்பார்கள்.

காகிதம் சரியானால் நேரில் போங்கள். கல்லூரிக்குப் போவதற்கு முன் அதன் மருத்துவமனைக்குப் போங்கள். மாணவர் ஒருவருக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் விகிதம். 60 பேர் கொண்ட ஒரு வகுப்பு மொத்தமாக வார்டில் இறங்கினால் 180 நோயாளிகள் அங்கே படுத்திருக்க வேண்டும். காலை பத்து மணிக்குப் போய், பொது வார்டில் எத்தனை கட்டிலில் ஆள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரசவ வார்டு எங்கே என்று கேளுங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை கிலோமீட்டர், யார் பஸ்ஸில் போகிறார்கள் என்று கேளுங்கள். பிரசவம் பார்க்காமலே லாக் புக்கை (பயிற்சிக் குறிப்பேட்டை) சீனியரிடம் வாங்கிப் பார்த்து எழுதும் கல்லூரிகள் இருக்கின்றன. பின்னால் நேர்முகத்தில், பிரசவம் எப்படி நகர்கிறது என்று குறிக்கும் வரைபடத்தைக் காட்டி, "பார்ட்டோகிராமில் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் என்ன செய்வாய்?" என்று கேட்டால் அந்த மாணவி விழிப்பதற்குக் காரணம் இதுதான்.

நான்காம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசினால் ஏஜென்ட் சொல்லாதது எல்லாம் வந்துவிடும். 2021-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி எட்டு செமஸ்டர்; கடைசி செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கைக்கு வர, வார்டுப் பயிற்சி நேரத்தை நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். "இதையெல்லாம் எங்கே முடிக்கிறீர்கள்?" என்று அந்த மாணவிகளைக் கேளுங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். காட்டலாம், சரிபார்க்கக் கொடுத்துவிட்டு அன்றே வாங்கிக்கொள்ளலாம். உயர்கல்வி நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. 'முதல் வருஷம் பாதி' என்பதன் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. இரண்டாம் வருஷம் கட்டணம் ஏறும். வெளியே வரலாம் என்றால் சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கும்.

வெளி மாநிலத்தில் படித்தால் இன்னொரு வேலையும் உண்டு. படிப்பு முடிந்ததும் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, தடையில்லாச் சான்று வாங்கி, பிறகு தமிழ்நாடு கவுன்சிலுக்குப் பதிவை மாற்ற வேண்டும். இதற்குச் சில மாதங்கள் ஓடும். அரசு வேலைக்கு அறிவிப்பு வரும்போது தமிழ்நாட்டுப் பதிவு கையில் இல்லாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, நூறு சதவீத வேலை என்று பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சேரலாமா?
ஒரு வாசகி, விருத்தாசலம்

செவிலியராக வேண்டுமென்றால் சேராதீர்கள். கவுன்சிலில் பதிவு செய்யத்தக்க படிப்புகள் ஏஎன்எம் (துணைச் செவிலியர் படிப்பு), ஜிஎன்எம் (மேலே டிஜிஎன்எம் என்றது இதைத்தான்), பிஎஸ்சி; அவற்றில் மிகச் சிறியதே இரண்டு வருஷம், அதற்கும் பிளஸ் டூ வேண்டும். ஒரு வருஷப் படிப்பில் வருவது உதவியாளர் வேலை. அது கௌரவமான வேலைதான், தனியார் மருத்துவமனைகளில் ஆளும் தேவை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து எந்த அரசுச் செவிலியர் பணிக்கும், எந்த வெளிநாட்டுக்கும் போக முடியாது. பிறகு பிஎஸ்சி சேரும்போது ஒரு நாள்கூடக் கழித்துத் தர மாட்டார்கள். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பதால் அது நர்சிங் ஆகிவிடாது.

நான் காமர்ஸ் குரூப். நர்சிங் படிக்க வழியே இல்லையா?
ஒரு மாணவி, சிவகாசி

பிஎஸ்சிக்கு வழியில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. ஜிஎன்எம்முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்தப் பிரிவையும் ஏற்கிறது. ஆங்கிலத்தோடு 40 சதவீதம் போதும். ஆனால் அறிவியல் படித்தவருக்கு முன்னுரிமை என்றும் அது சொல்கிறது. ஒவ்வொரு சேர்க்கைக் குழுவும் தன் தகவல் கையேட்டில் இதைவிடக் கடுமையான விதி வைக்கலாம் என்பதால், விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தை வாசித்துவிடுங்கள். சேர்ந்தால் முதல் வருஷம் உடற்கூறியலும் உடலியங்கியலும் உங்களைப் பாடாய்ப் படுத்தும். பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகம் தமிழ் வழியில் ஒன்று, ஆங்கில வழியில் ஒன்று வாங்கி, கோடை விடுமுறையிலேயே ஆரம்பியுங்கள்.

மகனை நர்சிங்கில் சேர்க்க நினைக்கிறோம். உறவினர்கள் சிரிக்கிறார்கள். அதை விடுங்கள், ஆண்களுக்கு வேலை உண்டா?
பெற்றோர், நாகர்கோவில்

உண்டு, ஆனால் சில கதவுகள் பாதி திறந்தவை. எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. அதே மதிப்பெண் எடுத்த பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் உங்கள் மகனுக்குக் கிடைக்காமல் போகலாம்; அந்த 20-க்குள் வர இன்னும் மேலே எடுக்க வேண்டும். ராணுவ நர்சிங் பெண்களுக்கு மட்டும். தனியார் மருத்துவமனைகளில் பொது வார்டைவிட அவசரப் பிரிவு, ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர், கேத் லேப், டயாலிசிஸ் ஆகிய இடங்களில் ஆண் செவிலியரை விரும்பி எடுக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர் பணிக்கும் நர்சிங் படித்தவர்களை எடுக்கிறார்கள். ரயில்வே மருத்துவமனைகளின் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பதவி 7-ஆம் நிலை ஊதியம். அந்த அறிவிப்புகளைத் தவறவிடாமல் பாருங்கள்.

ஆண் என்பதால் அனுபவச் சான்றிதழில் துறையின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் எழுதித் தருவார்கள். 'ஐசியூ, 12 படுக்கை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

நான்கு லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட்டில் பிஎஸ்சி நர்சிங் படிக்கலாம் என்று யோசனை. சம்பளத்தில் அடைத்துவிட முடியுமா?
ஒரு மாணவி, அரியலூர்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு தவணையாக வாங்குகிறீர்கள். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி தூங்காது. முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000. தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் 5,40,000 ரூபாய். ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 8,965 ரூபாய் வரும். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் அசல் நான்கு லட்சத்திலேயே நிற்கும். தவணை 6,640 ரூபாய்தான். முதல் வருஷம் மாத வட்டி 833 ரூபாய். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதை அப்படியே வட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

இனி சம்பளம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்றது அந்தக் குழு. அது பரிந்துரையாகவே நின்றது. சிறு நகரங்களில் புதிதாகச் சேர்பவருக்கு அந்த 20,000 இன்னமும் எட்டாக்கனி. சம்பளத்தில் பாதி தவணைக்கே போகும் என்ற நிலை முதல் இரண்டு வருஷத்துக்கு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று. நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். ஆனால் கலந்தாய்வில் வந்த மாணவருக்குத் தரும் தாராளத்தை மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் காட்ட மாட்டார்கள். கல்லூரியில் முன்பணம் கட்டுமுன் வங்கிக் கிளையில் பேசிவிடுங்கள். பணம் கட்டிவிட்டு வங்கிக்கு ஓடினால் இரண்டு பக்கமும் இடி.

டிஜிஎன்எம் முடித்து மூன்று வருஷமாகத் தனியார் மருத்துவமனையில் வேலை. சவூதி போகலாமா, போஸ்ட் பேசிக் பிஎஸ்சி படித்துவிட்டுப் போகலாமா? வயது 25.
ஒரு செவிலியர், திருச்சி

சவூதியில் டிப்ளமோவை 'டெக்னீஷியன்' என்றும் பட்டத்தை 'ஸ்பெஷலிஸ்ட்' என்றும் வகைப்படுத்திப் பதிகிறார்கள். வேலை ஏறத்தாழ ஒன்று. பதவியும் சம்பள ஒப்பந்தமும் வேறு. குடும்பத்துக்கு உடனே பணம் தேவையென்றால் இப்போதே போகலாம், தப்பில்லை. அப்படி இல்லையென்றால் 27 வயதில் பட்டத்தோடு போவதே லாபம். ஐந்தாறு வருஷம் அங்கே இருக்கப் போகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் வந்துகொண்டிருக்கும். படிப்பதானால் நேரடி வகுப்பாக, இரண்டு வருஷம் முழுநேரமாகப் படியுங்கள். தொலைதூரத்தில் வாங்கிய நர்சிங் பட்டம் வெளிநாட்டுக் கவுன்சில்களில் உதைபடும்.

எப்போது போனாலும் மூன்று கட்டம் உண்டு. ஆவணங்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம், அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும். பிறகு புரோமெட்ரிக் என்ற கணினித் தகுதித் தேர்வு. பிறகு அந்த நாட்டுப் பதிவு. தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். முதல் கட்டத்தில் 'பொருந்தவில்லை' என்று அறிக்கை வந்துவிட்டால் அதைத் துடைப்பது பெரும்பாடு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அங்கே வரும் முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், கவுன்சில் பதிவில் இனிஷியல் பின்னால், திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர். நான்கு பெயரும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், வெளிநாட்டில் இருப்பவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்த முடிந்தால் திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, எல்லாப் பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவையுங்கள்.

இரண்டாவது சிக்கல், அனுபவம். சரிபார்ப்பவர் மருத்துவமனை எச்ஆருக்கு மின்னஞ்சல் போடுவார். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் உங்கள் மூன்று வருஷமும் காற்றில் போய்விடும். வேலையை விடும்போது ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் ஒரே தேதிகளைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பிஎஃப் பிடித்தம் இருந்தால் அந்தக் கணக்கேடு நல்ல துணைச் சாட்சி. வேலையை விட்டதும் அந்தப் பணத்தை எடுத்துவிட்டாலும் கணக்கேட்டைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இடைவெளி விழுந்தாலும் கேள்வி வரும் என்பதால், போஸ்ட் பேசிக் படித்த இரண்டு வருஷத்துக்கும் கல்லூரிச் சான்று வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்று இருப்பவர்களும், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியராகப் போக அந்த அனுமதி வாங்க வேண்டும் என்று 2015-இல் விதி இறுக்கப்பட்டது. அதன்படி ஆளெடுப்பு குறிப்பிட்ட அரசு நிறுவனங்கள் வழியே நடக்க வேண்டும்; தமிழக அரசின் ஓஎம்சிஎல் (அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்) அவற்றில் ஒன்று. தனியார் ஏஜென்ட் யாராவது அணுகினால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். "மூன்று லட்சம், ரசீது இல்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனியில் சம்பளத்தோடு நர்சிங் படிக்கலாமாம். பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே போவதா, இங்கே பிஎஸ்சி முடித்துவிட்டுப் போவதா?
ஒரு மாணவர், கோவை

சொல்வது உண்மைதான். 'ஆஸ்பில்டுங்' என்ற மூன்று வருஷத் தொழிற்பயிற்சி அது. பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில் முதல் வருஷமே பிடித்தங்களுக்கு முன் மாதம் 1,300 யூரோவுக்கு மேல் கிடைக்கும். அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிச்சம் சொற்பம். ஊருக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இரண்டு வழிக்கும் மொழிதான் சாவி. ஒன்றுமே தெரியாமல் தொடங்கி, பி1-க்கு அடுத்த படியான பி2 மொழி நிலைக்கு வர, முழுநேரமாகப் படித்தால் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். பி1-இல் நிறுத்திக்கொண்டு போகலாம் என்று சிலர் சொல்வார்கள். பாடம், தேர்வு, நோயாளியின் புலம்பல், டாக்டரின் அவசரம் எல்லாமே ஜெர்மனில் நடக்கும் இடத்தில் பி1 தாங்காது. பயிற்சியின் நடுவே தேர்வில் தோற்றுத் திரும்புபவர்களின் பிரச்சினை பெரும்பாலும் நர்சிங் அல்ல, மொழி.

பிஎஸ்சியோடு போனால் உங்கள் படிப்பை அந்த மாநில அதிகாரிகள் ஜெர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று ஓர் ஆணை தருவார்கள். அதை ஈடுகட்ட, பணியோடு கூடிய ஒத்திசைவுப் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு, இரண்டில் ஒன்று. அது முடியும்வரை உதவியாளர் சம்பளம். முடிந்ததும் முழுச் செவிலியர். இதற்காகவே, கல்லூரியை விட்டு வரும்போது பாடவாரியாக வகுப்பு நேரமும் வார்டு நேரமும் போட்ட டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கிவிடுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள்.

எங்கள் கருத்து: கையில் பிஎஸ்சி அரசு ஒதுக்கீட்டு இடம் இருந்தால் அதை விடாதீர்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து வார இறுதியில் ஜெர்மன் தொடங்கினால் நான்காம் வருஷம் முடியும்போது பி1 கடந்திருப்பீர்கள். பிஎஸ்சி இந்தியாவிலும் செல்லும், வளைகுடாவிலும் செல்லும். ஜெர்மன் பயிற்சிச் சான்றிதழோடு ஊர் திரும்பினால் அது தானாக இங்கே கவுன்சில் பதிவு ஆகிவிடாது. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நான்கைந்து லட்சம் கொடுக்கும் நிலையானால், அந்தப் பணத்தில் ஒரு பங்கை மொழிக்குச் செலவிட்டு நேராகப் போவது புத்திசாலித்தனம். ஓஎம்சிஎல் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி நடத்துகிறது. பணம் கட்டும் முன் அங்கே ஒரு நடை போய்க் கேளுங்கள்.

இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா: பிஎஸ்சி முடித்தவருக்கு இப்போது எது எளிது?
ஒரு செவிலியர், மதுரை

எளிது எதுவுமில்லை. இங்கிலாந்து டிப்ளமோவையும் ஏற்கும். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்தில் 6.5, மற்ற மூன்றில் 7 வேண்டும்; கணினித் தேர்வை இங்கேயே எழுதலாம், செய்முறைத் தேர்வான ஆஸ்கி அங்கே போய்த்தான். ஆனால் 2024 முதல் வெளிநாட்டு ஆளெடுப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் முதல் ஒரு விரைவு வழி வந்திருக்கிறது: இங்கிலாந்து, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிந்து 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இங்கிருந்து நேராகப் போகிறவர் என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வை எழுதி, பிறகு அங்கே ஆஸ்கியும் முடிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டுப் போவது ஒரு நல்ல சுற்றுவழி. அமெரிக்காவுக்கான என்கிளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம். தேர்ச்சி பெற்றாலும் இந்தியர்களுக்கான குடியேற்ற விசா வரிசை பல ஆண்டு நீளம். "ஆறு மாதத்தில் அமெரிக்கா" என்று விளம்பரம் பார்த்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

அரசு வேலைக்காகக் காத்திருக்கலாமா?
பலர்

காத்திருக்காதீர்கள், வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். எம்ஆர்பியில் தேர்வானதும் நிரந்தரப் பணி என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் தொகுப்பூதியம், நிரந்தர இடம் காலியாகக் காலியாகத்தான் முறைப்படுத்துவார்கள். 2015-இல் தேர்வெழுதிச் சேர்ந்தவர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கியவர்கள். பின்னர் அது 14,000, 18,000 என்று ஏறினாலும், நிரந்தரம் ஆகப் பலருக்கு ஆண்டுகள் பிடித்தன. தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். வெளி மாநிலத்தில் பள்ளி முடித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நார்செட்டுக்குப் படித்தால் எம்ஆர்பி, ஜிப்மர், இஎஸ்ஐ, ரயில்வே எல்லாவற்றுக்கும் முக்கால்வாசி படித்தது போல. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால், நான்கு விடைகளில் இரண்டையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் மட்டும் ஊகியுங்கள். துணைச் சுகாதார நிலையங்களில் எம்எல்எச்பி (இடைநிலை சுகாதாரப் பணியாளர்) பணிக்கு சமுதாய சுகாதாரச் சான்று கேட்பார்கள். புதிய பிஎஸ்சி பாடத்திட்டத்திலேயே அது சேர்ந்திருக்கிறது, கல்லூரியிலிருந்து அதற்குரிய சான்றை மறக்காமல் வாங்குங்கள்.

பிஎஸ்சி முடித்த உடனே எம்எஸ்சி சேரலாமா? நைட் டூட்டி ஒத்துக்கொள்ளவில்லை.
ஒரு செவிலியர், கும்பகோணம்

உடனே முடியாது. பிஎஸ்சியில் 55 சதவீதமும், பதிவுக்குப் பின் ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள். அந்த ஓராண்டில் நைட் டூட்டி வரும். எம்எஸ்சி முடித்தால் கல்லூரியில் ஆசிரியர் வேலை. முதலில் டியூட்டர், மூன்று வருஷம் கற்பித்த பிறகே உதவிப் பேராசிரியர். சிறிய தனியார் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளம் வார்டு செவிலியரைவிடப் பெரிதாக இருக்காது. கற்பிப்பதில் ஆசை இருந்தால் சேருங்கள். இரவுப் பணியிலிருந்து தப்பிக்க மட்டுமென்றால் புறநோயாளர் பிரிவு, டயாலிசிஸ், தொற்றுத் தடுப்புச் செவிலியர், மருத்துவமனைத் தரப் பிரிவு ஆகியவற்றைப் பாருங்கள். செலவில்லாமல் பகல் வேலை.

ஐசியூவில் விருப்பம் உள்ளவர்களுக்கு 'நர்ஸ் பிராக்டிஷனர், கிரிட்டிகல் கேர்' என்று இரண்டு வருஷ உறைவிடப் பட்டமேற்படிப்பு உண்டு. வகுப்பைவிட வார்டில்தான் பெரும்பகுதி. சேரும் முன், படித்து முடித்தவரை அந்த மருத்துவமனை எந்தப் பதவியில் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். சாதாரண ஸ்டாஃப் நர்ஸாகவே வைத்திருக்கிறது என்றால் வேறு இடம் பாருங்கள்.